வீட்டில் எல்லாருக்கும் பி.பி.: ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா, மெஷின் வாங்கலாமா?

சென்ற மாதம் திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். வயது 34. அப்பாவுக்கு 41 வயதிலேயே பி.பி. வந்துவிட்டது, இப்போது தினம் மூன்று மாத்திரை. அம்மாவுக்கு 50 தாண்டிய பிறகு வந்தது. இவருக்கு இதுவரை ஒன்றும் இல்லை. ஆனால் கடைசியாக அளந்தது மகள் பிறந்தபோது, அதாவது இரண்டு வருடத்துக்கு முன்பு. போனில் ஒரு விளம்பரம் அவரை விடாமல் துரத்துகிறது. கொஞ்சம் உமிழ்நீரைக் குழாயில் அனுப்பினால் ரத்தக் கொதிப்பு ஜீனில் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்களாம், பன்னிரண்டாயிரம் ரூபாய். அந்தப் பணத்தில் நல்ல பி.பி. மெஷின் வாங்கி, மீதியில் ரத்தப் பரிசோதனைகளும் எடுத்துவிடலாம் என்கிறார் கணவர். "வந்தா பாத்துக்கலாம், இப்பவே ஏன் பயப்படணும்" என்கிறார் மாமியார். எதைச் செய்வது என்று கேட்டிருந்தார்.

இதே கேள்வி வேறு வேறு ஊர்களிலிருந்து எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. நான் மருத்துவர் இல்லை. ஆனால் என் அப்பாவும் சித்தப்பாவும் பக்கவாதத்தில் போனவர்கள். இருவருக்கும் பி.பி. இருந்தது தெரியவந்ததே ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான். அதனால் இந்த விஷயத்தைப் பல வருடமாகத் தேடித் தேடிப் படித்துவருகிறேன். பரம்பரையாக வரும் பி.பி.யை முன்கூட்டியே அறிய என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது யாருக்குச் சரி என்று நான் புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

## முதலில், ஜீன் என்ன செய்கிறது?

1950களில் இங்கிலாந்தில் இரண்டு பெரிய மருத்துவர்கள் இதை வைத்துப் பல வருடம் வாதாடினார்கள். உயர் ரத்த அழுத்தம் ஒரு தனி வியாதி, ஒற்றை ஜீனால் வருவது என்றார் ராபர்ட் பிளாட். ஜார்ஜ் பிக்கரிங் ஒத்துக்கொள்ளவில்லை. ரத்த அழுத்தம் என்பது உயரத்தைப் போல, பல ஜீன்கள் சேர்ந்து கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும், எந்த எண்ணில் கோடு போட்டு 'வியாதி' என்று சொல்கிறோம் என்பது நாம் முடிவு செய்வதுதான் என்றார்.

பெரும்பாலானவர்கள் விஷயத்தில் பிக்கரிங் சொன்னதுதான் சரியாக இருந்தது. 2018இல் வெளியான ஓர் ஆய்வு 10 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் டிஎன்ஏவை ஒப்பிட்டது. அதோடு சேர்த்து, ரத்த அழுத்தத்தோடு தொடர்புள்ள இடங்கள் என்று தெரியவந்தவை 900க்கும் மேல். தனித்தனியாக எடுத்தால் இவற்றில் பெரும்பாலானவை நம் பி.பி.யை 1 மி.மீ. அளவுகூட ஏற்றாது. ஏற்றும் மாற்றங்கள் ஒருவரிடம் நிறையச் சேர்ந்துவிட்டால்தான் வித்தியாசம் தெரிகிறது.

பிளாட் சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை. மிகச் சில குடும்பங்களில் உண்மையிலேயே ஒரே ஒரு ஜீன் பழுதானால் போதும், சிறு வயதிலேயே பி.பி. எகிறிவிடும். 1963இல் கிராண்ட் லிடில் என்ற அமெரிக்க மருத்துவர் அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தை விவரித்தார். அது இன்றும் 'லிடில் நோய்' என்றே அழைக்கப்படுகிறது. 1990களில் ரிச்சர்ட் லிஃப்டன் குழு இப்படி ஒற்றை ஜீனால் வரும் வகைகளை ஒவ்வொன்றாகத் தேடியபோது, கிட்டத்தட்ட எல்லாப் பாதையும் ஒரே இடத்தில் போய் முடிந்தது. கிட்னி உப்பை எவ்வளவு வெளியே விடுகிறது, எவ்வளவு பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதுதான் அந்த இடம். எனக்கு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. 'உப்பைக் குறை' என்று டாக்டர்கள் சொல்வதற்கு ஜீனின் அடியிலிருந்தே ஒரு சாட்சி கிடைத்த மாதிரி இருந்தது.

இன்னொன்று. பி.பி.யில் 30 முதல் 50 சதவீதம் வரை பரம்பரை என்று எழுதுவார்கள். உங்கள் 130இல் பாதியை அப்பா கொடுத்தார் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் பி.பி. மாறுகிறதே, அந்த வித்தியாசத்தில் அவ்வளவு பங்கு ஜீன் வித்தியாசத்தால் வருகிறது என்பதுதான் பொருள்.

## எதை வைத்து எடை போடுவது?

நான் நான்கு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன்.

முதலாவது, எனக்கு இதுதான் பெரியது: பதில் கிடைத்த பிறகு நான் செய்யப்போவது மாறுமா? மாறாது என்றால் அந்தப் பரிசோதனை எவ்வளவு நவீனமாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். இரண்டாவது, அந்தப் பதில் நம் ஊர்க்காரர்களுக்கு எவ்வளவு பொருந்தும்? மூன்றாவது, கையிலிருந்து போகும் பணம் எவ்வளவு, கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன? நான்காவது, ஒரு தடவை பார்த்தால் போதுமா, மறுபடி மறுபடி பார்க்க வேண்டுமா?

| | குடும்பத் தாள் | வீட்டு பி.பி. மெஷின் | உமிழ்நீர் ஜீன் டெஸ்ட் | டாக்டர் எழுதித் தரும் ஹார்மோன், ஜீன் பரிசோதனை |
|---|---|---|---|---|
| என்ன சொல்லும் | யார் சீக்கிரம் அளக்கத் தொடங்க வேண்டும் | இப்போது பி.பி. எவ்வளவு | பல சிறு ஜீன் மாற்றங்களின் கூட்டல் | ஒற்றை ஜீன் அல்லது அட்ரினல் சுரப்பி காரணமா |
| பணம் | இல்லை | சுமார் 1,500 முதல் 3,000 ரூபாய் | பல ஆயிரம் | பொட்டாசியத்துக்குச் சில நூறு. ஹார்மோனுக்கும் ஜீனுக்கும் பல ஆயிரம் |
| மறைந்த செலவு | வீட்டில் சங்கடம், தப்பான நினைவுகள் | தப்பாக அளந்தால் வீண் பயம் | டிஎன்ஏ தகவல் வெளியே போவது, பொய்யான நிம்மதி | அடுத்தடுத்த பரிசோதனைகள், தெளிவில்லாத முடிவு |
| நம்மவர்க்குப் பொருத்தம் | முழுமையாக | முழுமையாக | குறைவு | நல்லது, சரியான ஆளுக்கு எடுத்தால் |
| யாருக்கு முதலில் | எல்லாருக்கும் | 30 தாண்டியவர்கள், பெற்றோருக்கு பி.பி. உள்ளவர்கள் | குடும்பம் பற்றி எதுவுமே தெரியாதவர்கள் | இளவயது பி.பி., குறைந்த பொட்டாசியம், 40க்கு முன் பக்கவாதம் உள்ள குடும்பம் |

## 1. குடும்பத் தாள்

ஒரு வெள்ளைத் தாளும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் போதும். தாத்தா பாட்டி இரு பக்கமும், அப்பா அம்மா, அவர்கள் கூடப் பிறந்தவர்கள், நம் கூடப் பிறந்தவர்கள் எல்லாரையும் எழுத வேண்டும். ஒவ்வொருவருக்கும் எதிரே பி.பி. வந்த வயது, எத்தனை மாத்திரை, பக்கவாதமோ மாரடைப்போ கிட்னிக் கோளாறோ வந்திருந்தால் அதன் வயது. பெண்களுக்குக் கூடுதலாக ஒரு கேள்வி: பிரசவ சமயத்தில் பி.பி. ஏறியதா? அம்மாவுக்கோ அக்காவுக்கோ அப்படி இருந்தால் நமக்கும் கர்ப்பத்தில் வர வாய்ப்பு கூடுதல். அப்படி வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரமாக பி.பி. வரும் வாய்ப்பும் கூடுதல்.

இந்தத் தாளில் 'இருக்கு, இல்லை' என்பதைவிட வயதுதான் பேசுகிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவம் படித்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை 50 வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2008இல் வெளிவந்தது. அப்பா, அம்மா இருவருக்குமே 55 வயதுக்குள் பி.பி. வந்திருந்தால், மகனுக்கு வாழ்நாளில் வரும் அபாயம் சுமார் 6 மடங்கு. 35 வயதுக்குள்ளேயே வந்துவிடும் அபாயம் சுமார் 20 மடங்கு. அவர்கள் வெள்ளைக்காரர்கள், அதே எண் நமக்கு அப்படியே பொருந்தாமல் போகலாம். ஆனால் 70 வயதில் வந்த பி.பி.யும் 40 வயதில் வந்த பி.பி.யும் ஒன்றில்லை என்பது எந்த ஊருக்கும் பொருந்தும். 70இல் வருவது நம் நாட்டில் எந்தக் குடும்பத்திலும் இருக்கும். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி இந்தியாவில் வயது வந்தவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம்.

மறைந்த செலவுகளுக்கு வருகிறேன். நம் வீடுகளில் தகவல் வாங்குவது லேசில்லை. "பாட்டிக்கு பி.பி.யெல்லாம் கிடையாது" என்றால் பாட்டியை யாரும் அளக்கவே இல்லை என்று அர்த்தமாக இருக்கலாம். "நல்லாத்தான் இருந்தார், திடீர்னு போயிட்டார்" என்பதில் மாரடைப்பும் இருக்கலாம், மூளையில் ரத்தக் கசிவும் இருக்கலாம். வரன் பார்க்கும் வீட்டில் இன்னும் கஷ்டம், 'பரம்பரை வியாதி' என்ற சொல் வெளியே போய்விடக் கூடாதே என்று வாயைத் திறக்க மாட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கேட்கிற விதத்தில்தான் இருக்கிறது. "என்ன வியாதி?" என்று கேட்டால் மூடிக்கொள்வார்கள். "அத்தை என்ன மாத்திரை சாப்பிடுவாங்க? எந்த வயசுல ஆரம்பிச்சாங்க?" என்றால் சொல்வார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஒரு குடும்பத்துக்கு ஜீன் மட்டும் பொது இல்லை, சமையலறையும் பொது. தட்டில் அப்பளமும் ஊறுகாயும் இல்லாமல் சாப்பிடாத வீட்டில் நான்கு பேருக்கு பி.பி. என்றால் அதில் எவ்வளவு ரத்தம், எவ்வளவு உப்பு என்று தாள் பிரித்துச் சொல்லாது. தத்துக் குழந்தைகளை வைத்து மாண்ட்ரியலில் செய்த ஆய்வில், தத்துக் குழந்தைகளைவிடப் பெற்ற பிள்ளைகளின் பி.பி.தான் வீட்டாரோடு அதிகம் ஒத்துப்போனது. ஜீனின் பங்கு நிஜம். ஆனால் நம் தாளில் இரண்டும் கலந்துதான் இருக்கும்.

சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்கள் இதை இன்னும் கவனமாக வரைய வேண்டும். மாமன் மகளைக் கட்டியவர் வீட்டில் ஒரே தாத்தா அப்பா பக்கமும் வருவார், அம்மா பக்கமும் வருவார். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் தலைகாட்டும் ஜீன் கோளாறுகள் சில உண்டு. அவை இப்படிப்பட்ட குடும்பங்களில் வெளிப்பட வாய்ப்பு அதிகம். தாத்தாவை இரண்டு இடத்தில் இரண்டு ஆளாக வரைந்துவிட்டால் அந்தத் தொடர்பே மறைந்துபோகும்.

திருப்பூர் வாசகியிடம் இந்தத் தாளைத்தான் முதலில் எழுதச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. முதல் கடிதத்தில் அப்பாவின் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. இப்போது எழுதியிருந்தார்: அத்தை 38 வயதில் இறந்துபோனார். 'தலைவலி வந்து போயிட்டா' என்றுதான் வீட்டில் சொல்லி வந்தார்கள். பெரியவர் ஒருவர்தான் அது மூளையில் ரத்தக் கசிவு என்றும், பி.பி. 200க்கு மேல் இருந்தது என்றும் நினைவுபடுத்திச் சொன்னாராம். இந்த ஒரு வரிக்கு நான்காவது பகுதியில் திரும்ப வருகிறேன்.

## 2. வீட்டு பி.பி. மெஷின்

இது ஜீனைப் பற்றி ஒன்றும் சொல்லாது போலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த 900 இடங்களும், நாம் தின்ற உப்பும், தூங்காத இரவும் சேர்ந்து கடைசியில் என்ன ஆயிற்றோ அதைத்தான் கையில் சுற்றிய பட்டை படித்துக் காட்டுகிறது.

ஆனால் அளக்கிற முறை சரியாக இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்து, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, கையை நெஞ்சு உயரத்தில் மேசை மேல் வைத்து, பேசாமல் அளக்க வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, சிகரெட் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டும் அளக்கக் கூடாது. காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை, ஏழு நாள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் 140/90 என்று கோடு போடுகிறார்களே, வீட்டுச் சராசரிக்கு அதற்கு ஈடானது 135/85. இந்தச் சின்ன வித்தியாசம் பலருக்குத் தெரியாது.

மறைந்த செலவு பட்டையில் இருக்கிறது. மெஷினோடு வரும் சாதாரணப் பட்டை 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கு. புஜம் அதைவிடப் பெருத்தவர்களுக்கு அதே பட்டையைச் சுற்றினால் இல்லாத பி.பி.யைக் காட்டும். ஒரு இஞ்ச் டேப்பால் புஜத்தை அளந்துவிட்டு, தேவையானால் பெரிய பட்டையாகக் கேட்டு வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டும் வகையை நான் சொல்ல மாட்டேன், கை ஒரு சாண் கீழே இருந்தாலே எண் மாறிவிடும். வாங்கிய மெஷினை ஒரு தடவை டாக்டரிடம் கொண்டுபோய் அவருடையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் நல்லது.

இன்னொரு செலவு மனசில் வருவது. அப்பாவைப் பக்கவாதத்துக்குக் கொடுத்தவர்கள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அளப்பார்கள், நானும் அளந்திருக்கிறேன். பயத்திலேயே எண் ஏறும், ஏறிய எண்ணைப் பார்த்துப் பயம் கூடும். வருடத்துக்கு இரண்டு முறை, ஒரு வாரம் வீதம் அளந்து நோட்டில் எழுதிவிட்டு மெஷினை உள்ளே வைத்துவிடுங்கள். மாத்திரை எடுப்பவர்களுக்கு இது பொருந்தாது, அவர்கள் டாக்டர் சொல்கிற கணக்கில் அளக்க வேண்டும்.

டாக்டர் முன்னால் மட்டும் ஏறுகிற பி.பி. உண்டு. டாக்டர் முன்னால் சரியாக இருந்து வீட்டில் ஏறுகிற பி.பி.யும் உண்டு. இந்த இரண்டாவது வகைதான் ஆபத்து, யாருக்கும் தெரியாமலேயே வருடங்கள் ஓடிவிடும். சந்தேகம் தீரவில்லை என்றால் 24 மணி நேரமும் கையில் கட்டி வைத்துத் தானாக அளக்கும் கருவியை டாக்டர் எழுதித் தருவார். தூக்கத்தில் பி.பி. இறங்குகிறதா என்பது அதில்தான் தெரியும்.

மெஷின் வாங்க வசதி இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பி.பி.யும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காசில்லாமல் அளக்கலாம். 'எனக்கு ஒண்ணும் இல்லையே' என்று அவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

## 3. உமிழ்நீர் ஜீன் டெஸ்ட்

இதில் விஞ்ஞானம் பொய் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூற்றுக்கணக்கான இடங்களின் பாதிப்பைக் கூட்டி ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். இங்கிலாந்தின் லட்சக்கணக்கான தன்னார்வலர்களின் தகவலில், மதிப்பெண் மிக அதிகமாக இருந்தவர்களுக்கும் மிகக் குறைவாக இருந்தவர்களுக்கும் மேல் அளவு பி.பி.யில் சராசரியாக 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தது. ஒரு கூட்டத்தைப் படிப்பதற்கு இது பெரிய விஷயம்.

எனக்கு இருக்கும் தயக்கம் மூன்று. முதலாவது, இந்த மதிப்பெண்கள் யாரை வைத்துச் செய்யப்பட்டவை என்பது. 2019இல் எடுத்த கணக்குப்படி, இதுபோன்ற ஜீன் ஆய்வுகளில் பங்கெடுத்தவர்களில் சுமார் 79 சதவீதம் பேர் ஐரோப்பிய வம்சாவளி. அவர்களை வைத்துத் தைத்த சட்டை நமக்கு எந்த அளவுக்குப் பொருந்தும்? நம் மக்களிடம் தேடினால்தான் நம் ஜீன் கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. இதயத் தசையைப் பலவீனமாக்கும் ஒரு மாற்றம் இந்தியத் துணைக்கண்டத்தில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருப்பது 2009இல்தான் தெரியவந்தது. அது பி.பி. ஜீன் இல்லை. ஆனால் இவ்வளவு பேரிடம் இருக்கிற ஒன்றே அதுவரை உலகத்துக்குத் தெரியாமல் இருந்தது.

இரண்டாவது, பதில் வந்த பிறகு என்ன செய்யப்போகிறோம்? 'அபாயம் அதிகம்' என்று வந்தால் உப்பைக் குறை, எடையைக் குறை, நட, பி.பி.யை அளந்துகொண்டிரு என்பார்கள். 'அபாயம் குறைவு' என்று வந்தாலும் அதையேதான் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். இங்கிலாந்தின் அதே தகவலில் ஜீன் மதிப்பெண் அதிகம், நடுத்தரம், குறைவு என்று மூன்று கூட்டமாகப் பிரித்துப் பார்த்தபோது, மூன்றிலுமே நல்ல பழக்கம் உள்ளவர்களுக்கு பி.பி. குறைவாகவே இருந்தது. 'குறைவு' என்ற தாளைப் பார்த்துவிட்டு ஐந்து வருடம் அளக்காமல் இருந்துவிடும் ஆள்தான் எனக்குக் கவலை தருகிறார். அப்பாவின் 41 வயதை ஒரு அச்சடித்த தாள் மறக்கடித்துவிடக் கூடாது.

மூன்றாவது, டிஎன்ஏ. பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம், டிஎன்ஏவை மாற்ற முடியாது. அதில் நம் தகவல் மட்டும் இல்லை, கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள் தகவலும் பாதி இருக்கிறது. அவர்களிடம் யாரும் கையெழுத்து வாங்குவதில்லை. உமிழ்நீர் டெஸ்டில் உலகத்தின் பெரிய நிறுவனங்களில் ஒன்றான அமெரிக்காவின் 23அண்ட்மீயில் 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் தகவல் திருடு போனது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனமே திவால் மனு போட்டது. அத்தனை பேரின் டிஎன்ஏ யார் கைக்குப் போகும் என்ற கேள்வி அங்கே பெரிதாக எழுந்தது. அமெரிக்காவில் ஜீனை வைத்து மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2008 முதல் தனிச் சட்டம் உண்டு. இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. காப்பீட்டு பாலிசியில் மரபணு நோய்களைப் பொத்தாம்பொதுவாக விலக்கி வைப்பது பாரபட்சம் என்று 2018இல் டில்லி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. ஒரு தீர்ப்பை மட்டும் நம்பி என் பிள்ளைகளின் டிஎன்ஏவை வெளியே அனுப்ப எனக்குத் துணிச்சல் இல்லை.

அப்படியானால் இது யாருக்குமே வேண்டாமா? தத்தெடுக்கப்பட்டவர்கள், பெற்றோரைச் சிறு வயதிலேயே இழந்து உறவும் விட்டுப்போனவர்கள் இவர்களுக்குக் குடும்பத் தாள் எழுத வழியே இல்லை. அவர்கள் எடுத்தால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் மெஷின் வாங்கிய பிறகு, மிச்சமிருக்கும் பணத்தில் எடுக்கட்டும்.

## 4. டாக்டர் எழுதித் தரும் பரிசோதனைகள்

பெரும்பாலானவர்களுக்கு இது தேவைப்படாது. தேவைப்படுகிற சிலருக்கோ இதைவிட மேலான வழி இல்லை, ஏனென்றால் இங்கே பதில் வந்தால் மாத்திரையே மாறுகிறது.

லிடில் நோயில் கிட்னியின் உப்பு வாசல் மூடாமல் திறந்தே கிடக்கிறது. வழக்கமான மாத்திரைகள் பெரிதாக எடுபடாது, அந்த வாசலையே அடைக்கிற அமிலோரைடு போன்ற மருந்து நன்றாகக் கேட்கிறது. இன்னொரு ஒற்றை ஜீன் வகையான கார்டன் நோயில் பி.பி.யோடு பொட்டாசியமும் ஏறிக் கிடக்கும், சிறுநீரோடு உப்பை வெளியேற்றும் தயசைடு வகை மாத்திரை குறைந்த அளவிலேயே இரண்டையும் இறக்கிவிடும். 1992இல் காரணம் கண்டுபிடிக்கப்பட்ட இன்னொரு வகை உண்டு. அதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஜீன்கள் தப்பாக ஒட்டிக்கொண்டு, ஆல்டோஸ்டிரோன் என்ற உப்பு பிடிக்கும் ஹார்மோனை, கிட்னிக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி கட்டுப்பாடில்லாமல் சுரக்கிறது. குறைந்த அளவு ஸ்டீராய்டு மாத்திரையிலேயே அடங்கிவிடும் விசித்திரமான பி.பி. இது. ஆனால் கண்டுபிடிக்காமல் விட்டால் இளவயதிலேயே மூளையில் ரத்தக் கசிவு வருவது இதன் குணம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

திருப்பூர் அத்தையின் 38 வயது ஏன் என்னை நிறுத்தியது என்று இப்போது புரியும். அது அந்த நோயாக இருக்க வேண்டும் என்று இல்லை. 38 வயதில் ரத்தக் கசிவு வர வேறு காரணங்களும் உண்டு. ஆனால் 40 வயதுக்கு முன் பக்கவாதம் வந்த ரத்த சொந்தம் இருந்து, பி.பி.யும் உள்ளவரை இந்தக் கோணத்தில் கட்டாயம் பார்க்க வேண்டும் என்றுதான் மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன.

இதற்கு உடனே ஜீன் டெஸ்டுக்கு ஓட வேண்டியதில்லை, படிப்படியாகத்தான் போவார்கள். முதலில் பொட்டாசியமும் (ஆல்டோஸ்டிரோன் கூடினால் இது இறங்கலாம்), கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும். அப்புறம் கிட்னியிலிருந்து வரும் ரெனின், ஆல்டோஸ்டிரோன் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை. ஜீனால் வராத ஆல்டோஸ்டிரோன் கோளாறும் ஏராளம். பி.பி. உள்ளவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்கு அது இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அதனால் 2025இல் அமெரிக்காவின் எண்டோகிரைன் சங்கம் (ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பு) பி.பி. உள்ள எல்லாருக்கும் இந்தப் பரிசோதனையைப் பரிந்துரைத்தது. கிட்னியில் நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோய் இருக்கும் குடும்பத்தில் ஒரு சாதாரண ஸ்கேனே நிறையச் சொல்லிவிடும், அந்த நோயில் கிட்னி கெடுவதற்கு முன்பே பி.பி. ஏறும். திடீர் திடீரென்று தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து வருகிறவர்களுக்கு அட்ரினல் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் அவர்களில் பலருக்கு ஜீன் பரிசோதனையும் சொல்வார்கள்.

போகும் முன் ஒரு கேள்விக்குப் பதில் தயாராக இருக்கட்டும்: லேகியம், சூரணம், இருமல் மருந்து என்று ஏதாவது தினமும் சாப்பிடுகிறீர்களா? அதிமதுரம் இருக்கிறதா? ஒரு ஜீன் பழுதாகும்போது கிட்னியில் எந்த நொதி வேலை செய்யாமல் போகிறதோ, அதே நொதியை அதிமதுரத்தில் உள்ள பொருளும் தடுக்கிறது. நிறைய நாள் தின்றால் பி.பி. ஏறும், பொட்டாசியம் இறங்கும், பார்ப்பதற்கு அப்படியே பரம்பரை நோய் போலவே இருக்கும். வலி மாத்திரை, ஸ்டீராய்டு, கருத்தடை மாத்திரை இவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மறைந்த செலவுகளும் இங்கே உண்டு. சில பி.பி. மாத்திரைகள் ரெனின், ஆல்டோஸ்டிரோன் அளவைக் குழப்பும், எதை நிறுத்தலாம், எதை மாற்றலாம் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். தானாக நிறுத்தினால் ஆபத்து. ஒரு முடிவு தப்பாக வந்தால் ஸ்கேன், அதன் பிறகு இன்னொன்று என்று நீளும். ஜீன் டெஸ்டில் 'இந்த மாற்றம் நல்லதா கெட்டதா என்று இப்போது சொல்ல முடியாது' என்றும் பதில் வரும். அதையும் தாங்கிக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும்.

இதில் மிகப் பலர் தவறவிடுவது ஒன்று: பரிசோதனையை யாரிடம் தொடங்குவது என்பது. நோய் இல்லாத மகளிடம் தொடங்கினால், 'ஒன்றும் இல்லை' என்ற பதிலுக்கு அர்த்தமே இருக்காது. நோய் உள்ளவரிடம்தான் தொடங்க வேண்டும். அவரிடம் காரணம் கிடைத்தால், பிள்ளைகளுக்கு அந்த ஒரே இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறைவு, பதிலும் தெளிவு.

## எதையும் பார்க்காமல் உப்பைக் குறைத்தால் போதாதா?

நியாயமான கேள்வி. உப்பைக் குறைப்பது எல்லா ஜீனுக்கும் நல்லதே. 2001இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் காய்கறி, பழம், பால் நிறைந்த சாப்பாட்டோடு உப்பையும் குறைத்தவர்களுக்கு, பி.பி. ஏற்கெனவே இருந்தால் மேல் அளவு 11.5 மி.மீ. இறங்கியது, இல்லாதவர்களுக்கே 7.1 இறங்கியது. ஒரு மாத்திரைக்குச் சமம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்குக் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, வற்றல், மோர்மிளகாய், பாக்கெட் நொறுக்குத்தீனி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

ஆனால் அளக்காமல் உப்பை மட்டும் குறைப்பவருக்கு அது போதுமா போதாதா என்று எப்படித் தெரியும்? பரம்பரை பலமாக இருக்கும் சிலருக்கு எவ்வளவு குறைத்தாலும் மாத்திரை தேவைப்படும். அது அவர்கள் தோல்வி இல்லை. கடையில் விற்கும் பொட்டாசியம் கலந்த 'லோ சோடியம்' உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021இல் சீனாவில் சுமார் 21,000 பேரிடம் நடந்த ஆய்வில் அது பக்கவாதத்தை 14 சதவீதம் குறைத்தது, நல்ல பொருள்தான். ஆனால் கிட்னிக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தை ஏற்றும் பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

## திருப்பூருக்கு என்ன எழுதினேன்

பன்னிரண்டாயிரத்தை உமிழ்நீருக்குக் கொடுக்க வேண்டாம் என்று எழுதினேன். புஜத்தை அளந்துவிட்டு ஒரு மெஷின் வாங்கி, இந்த வாரமே ஏழு நாள் கணக்கைத் தொடங்குங்கள். அண்ணனுக்கு 39 வயது, இதுவரை ஒரு தடவைகூட அளந்ததில்லை என்று எழுதியிருந்தீர்கள், அவர் வீட்டுக்கும் அதே மெஷின் ஒரு வாரம் போகட்டும். அடுத்த குழந்தைக்குத் திட்டம் இருந்தால் முதல் செக்கப்பிலேயே அத்தை, அப்பா இருவரைப் பற்றியும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பெரிய பரிசோதனை எடுக்க வேண்டியவர் அப்பா. மூன்று மாத்திரை சாப்பிட்டும் பி.பி. அடங்கவில்லையா என்று பாருங்கள். குடும்பத் தாளை, அத்தையின் வயதை வட்டமிட்டு, அவருடைய டாக்டரிடம் காட்டி ரெனின், ஆல்டோஸ்டிரோன் பார்க்கலாமா என்று கேளுங்கள். அப்பாவின் பழைய ஃபைல் பரண்மேல் எங்கோ இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அதை இறக்கி, 41 வயதில் முதன்முதலாக எடுத்த ரத்த ரிப்போர்ட்டில், மாத்திரை எதுவும் தொடங்குவதற்கு முன்னால், பொட்டாசியம் என்ற வரிக்கு நேரே என்ன எண் இருக்கிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.